மயக்கத்தில் இருந்தவர் பெயரில் ஒரு ஒப்புதல்: மின்னணு மருத்துவப் பதிவேட்டில் சார்பாளர் காணாமல் போன நிகழ்வு

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் மருத்துவப் பதிவேடுகள் பிரிவை நான் கவனித்துவந்தபோது, 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது இது. நோயாளியின் தங்கையும் மகனும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எடுத்த முடிவுகளையும் அவற்றின் வரிசையையும் மாற்றவில்லை.

நோயாளியும் அவர் எழுதிவைத்ததும்

நோயாளிக்கு 71 வயது. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருடம். ஒரே மகன் ஹைதராபாத்தில். தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற ஐ.எல்.டி. நோய் இருப்பதை மதுரையில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் தொடர் சிகிச்சைக்கு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் ஓடும்.

2023 ஜூனில் அவர் ஒரு முன்கூட்டிய மருத்துவ விருப்பாவணம் எழுதினார். லிவிங் வில் என்று பலரும் சொல்வது இதைத்தான். இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் வரும் என்று சொல்லி, இதற்கான நடைமுறையையும் வகுத்தது. அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் யாராலும் எளிதில் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள் போதும். நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தன்னால் பேச முடியாமல் போகும்போது யார் பேச வேண்டும் என்று ஒருவரையோ பலரையோ பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். அவர்தான் சார்பாளர். விரும்பினால் ஆவணத்தைத் தன் மின்னணு மருத்துவப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவர் பேச வேண்டியவராகத் தங்கையின் பெயரை எழுதினார். மகன் பெயரை எழுதவில்லை. “அவன் தாங்க மாட்டான். என்னைப் போக விடவும் மாட்டான்” என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். மகனிடம் இப்படி ஒரு ஆவணம் இருப்பதையே சொல்லவில்லை. பெயர் குறிப்பிட்டவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் உள்ளாட்சி அமைப்பிடமும் பிரதி கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. அதனால் சட்டப்படி இதில் குறை எதுவும் இல்லை.

ஆவணத்தில் இருந்தது மூன்றே பத்திதான். தேறுவதற்கு வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்தால் வென்டிலேட்டரில் தொடர வேண்டாம். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து தாராளமாகக் கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பிரதிகளை அவர் கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று தங்கையிடம், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று எங்கள் புறநோயாளிப் பிரிவில். இன்னொன்றை நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். உள்ளாட்சி அமைப்பு இதற்கென ஒரு அலுவலரை நியமித்து ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அங்கே அப்படி யாரும் இல்லை. முப்பது வருடம் முத்திரை குத்தியவர் சும்மா திரும்புவாரா? தபால் பிரிவில் கொடுத்து, தேதியோடு பெறுதல் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் பக்கம் என்ன ஆனது

எங்கள் கவுண்டரில் அதை வாங்கியவர், கூடவே வந்த பழைய எக்ஸ்ரே ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து, “வெளி ரிப்போர்ட்” என்ற தலைப்பில் ஏற்றிவிட்டார். 14 பக்கம். அதில் 11ஆம் பக்கத்திலிருந்து விருப்பாவணம். அவர்மேல் தப்பில்லை. எங்கள் மென்பொருளில் ஆவண வகைகளின் பட்டியலில் இதற்கு ஒரு பெயரே கிடையாது.

பதிவுத் திரையில் “அட்டெண்டர்” என்று ஒரே ஒரு கட்டம். முதல் தடவை பதிவு செய்தபோது காப்பீட்டு அட்டையோடு வந்திருந்த மகனின் பெயரும் செல்போன் எண்ணும் அதில் ஏறியிருந்தன. பணம் கட்டுபவர், ஆபத்து என்றால் அழைக்க வேண்டியவர், நோயாளிக்காகப் பேச வேண்டியவர் என்று மூன்று பேர் இருக்கலாம் என்பதே அந்தத் திரைக்குத் தெரியாது.

அன்று இரவு

அதிகாலை 2.40 மணிக்கு மாடி வீட்டுக்காரர்கள் 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, கூப்பிட்டால் கண் திறக்கிற அளவுக்கு மட்டும் நினைவு. டியூட்டி டாக்டர் திரையைப் பார்த்தார், மகன் எண் இருந்தது, அழைத்தார். மகன் அழுதுகொண்டே, “எது வேணும்னாலும் பண்ணுங்க டாக்டர், நான் உடனே கிளம்புறேன்” என்றார். ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள்.

இந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், விவரம் தெரியாத நிலையில் மருத்துவர் உயிரைக் காக்கத்தான் பார்க்க வேண்டும். அதோடு, விருப்பாவணம் கையில் இருந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் அது தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. நோய் தேறாது என்பதை மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது பேசத் தொடங்கும். ஆனால் யாரை அழைப்பது என்பது வேறு கேள்வி. அழைக்க வேண்டியவர் இரண்டு தெரு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலை 7 மணி முதல் 11 மணி வரை

மாடி வீட்டுக்காரர்கள் சொல்லி, தங்கை காலை 7 மணிக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட அசல் ஆவணம். ஐசியூ வாசலில் இருந்த செவிலியர், “அட்டெண்டர்னு வேற ஒருத்தர் பேர் இருக்கும்மா. அவங்க வந்தாத்தான் டாக்டர்கிட்ட பேச முடியும்” என்றிருக்கிறார். பார்வையாளர் பாஸும் மகன் பெயரில்தான் அச்சாகி இருந்தது. நோயாளியின் தகவலை ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லக் கூடாது என்று நாங்கள்தான் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவர் அதைத்தான் செய்தார்.

சட்டப்படி அந்தக் கட்டடத்தில் நோயாளிக்காகப் பேசும் உரிமை பெற்ற ஒரே ஆள், நான்கு மணி நேரம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 11 மணிக்கு யாரோ வழிகாட்ட, எங்கள் பிரிவுக்கு வந்தார். “சார், அக்கா இங்க ஒரு காப்பி குடுத்துருக்கா. தேதி எழுதி வெச்சிருக்கேன், பாருங்க” என்றார். அந்தத் தேதியை வைத்துத்தான் 14 பக்கக் கோப்பைத் தேடி எடுத்தேன். தேதி இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது.

காலை 9.52 மணிக்குப் பதிவான ஒப்புதல்

கோப்பைத் தேடும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மதுரையில் எடுத்த சி.டி. ஸ்கேன், நுரையீரல் திறன் சோதனை ஆகியவற்றை ஐசியூ மருத்துவர் கேட்டிருந்தார். அந்த மருத்துவமனை தன் பதிவுகளை நோயாளியின் ஆபா எண்ணோடு இணைத்திருந்தது. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க உடல்நலக் கணக்கு எண் அது. ஒரு மருத்துவமனை கேட்கும். நோயாளியின் செயலிக்குக் கோரிக்கை போகும். அவர் ஒப்புதல் கொடுத்தால் பதிவு வரும். நல்ல ஏற்பாடுதான்.

நோயாளியின் ஆதாரில் இருந்தது மகனின் செல்போன் எண். ஆபா எண்ணை அம்மாவுக்கு உருவாக்கிக் கொடுத்தவரும் அவரே. செயலி அவர் போனில். எங்கள் ஊழியர் மகனை அழைத்து விவரம் சொன்னார். மகன் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரிலிருந்தே ஒப்புதலைத் தட்டிவிட்டார். பதிவுகள் வந்தன.

யார், எப்போது, என்ன செய்தார் என்று கணினி தானாகவே எழுதிவைக்கும் தணிக்கைப் பதிவில் அதற்கு எழுந்த வரி: “நோயாளி ஒப்புதல் அளித்தார், காலை 9.52.”

அந்த நேரத்தில் நோயாளி மயக்க மருந்தில், தொண்டையில் ட்யூபோடு படுத்திருந்தார். அவர் விரல்கூட அசைக்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. மருத்துவருக்கு அந்த ஸ்கேன் உண்மையிலேயே தேவைப்பட்டது. ஆனாலும் நடக்காத ஒன்று நடந்ததாக ஒரு மருத்துவப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தத் தாளைக் காட்டினால், அவர் விழித்திருந்தார், முடிவெடுக்கும் நிலையில் இருந்தார் என்றுதான் அர்த்தமாகும். அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்பதுதான் விருப்பாவணம் நடைமுறைக்கு வருவதற்கே அடிப்படை. இத்தனை வருடப் பதிவேட்டு வேலையில் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய வரி வேறில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நண்பகலில் ஐசியூ மருத்துவர், மருத்துவக் கண்காணிப்பாளர், நான் மூவரும் உட்கார்ந்தோம்.

முதலில், ஆவணம் உண்மையானதுதானா? அதை மின்னணுப் பதிவேட்டிலிருந்தோ, ஆவணத்தைப் பாதுகாக்கும் உள்ளாட்சி அலுவலரிடமிருந்தோ சரிபார்க்கச் சொல்கிறது 2023 தீர்ப்பு. எங்கள் ஸ்கேனும் அசலும் ஒத்துப்போயின. நோட்டரியை அழைத்து அவருடைய பதிவு எண்ணைக் கேட்டோம், சரியாக இருந்தது. நகராட்சியிலும் கேட்டோம், யாரைக் கேட்பது என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெறுதல் முத்திரை போட்ட நகலைத் தங்கை வைத்திருந்ததால் தப்பித்தோம்.

அடுத்து, தங்கையின் பெயரை எங்கே போடுவது? மகன் பெயரை அழித்துவிட்டு அட்டெண்டர் கட்டத்தில் இவர் பெயரைப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். மகன் மகன்தான். நோயாளி அவரிடமிருந்து தன்னைப் பற்றிய செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. தனக்காக முடிவெடுக்கும் பாரத்தைத்தான் அவர்மேல் வைக்க விரும்பவில்லை. அட்டெண்டர் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வாமை எச்சரிக்கை தோன்றும் சிவப்புப் பட்டையில் “விருப்பாவணம் உண்டு, பேச வேண்டியவர் தங்கை” என்று எண்ணோடு எழுதினோம். ஒவ்வாமைக்கான இடத்தில் ஒரு மனுஷியின் பெயர்! வேறு இடம் எங்களிடம் இல்லை.

மூன்றாவது, 9.52 வரி. தணிக்கைப் பதிவைத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. கேஸ் ஷீட்டில் தேதி, நேரம் போட்டு, ஒப்புதலைத் தட்டியவர் யார், யார் கேட்டுக்கொண்டார்கள், அப்போது நோயாளியின் நிலை என்ன என்று நான் கையெழுத்திட்டு ஒரு குறிப்பு வைத்தேன். நம் தவறை நாமே எழுதிக்கொடுப்பதா என்று நிர்வாகத்தில் தயங்கினார்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் என் பக்கம் நின்றார்.

இந்த இடத்தில் ஒன்று. நெருங்கிய உறவு என்றாலே கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடும் என்று நம் மருத்துவமனைகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக மறுத்தது. மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், செல்லாது என்றது. மனநோய்க்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நியமனப் பிரதிநிதி யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று படிப்படியாகச் சொல்கிறது. உடல் நோய்க்கு அப்படியொரு ஏணி சட்டத்தில் இல்லை. அதனால்தான் பதிவுக் கவுண்டரில் நின்றவர் பெயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மகன் வந்த பிறகு

அன்று மாலை மகன் வந்தார். ஆவணத்தைத் தங்கைதான் கொடுத்தார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். “எங்கிட்ட ஏன் சொல்லல சித்தி?” என்று மட்டும் கேட்டார். “அவ சொல்ல வேணாம்னாடா” என்றார் சித்தி. அதற்கப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அவரை ஒப்புக்கொள்ள வைப்பது எங்கள் வேலை இல்லை. சட்டப்படி அவர் ஒப்புதல் தேவையும் இல்லை. ஆனால் மருத்துவர் அவருக்கும் சித்திக்கும் சேர்த்தே, ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, முக்கால் மணி நேரம் விளக்கினார். மறுநாள் காலை மகனே வந்து, அம்மா கையெழுத்து எப்போதும் இப்படிச் சாய்ந்துதான் இருக்கும், இது அவங்க எழுதினதுதான் என்றார்.

மூன்றாம் நாள் முதல்நிலைக் குழு கூடியது. சிகிச்சை மருத்துவரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அதில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. சொன்னார்கள். அடுத்தது இரண்டாம்நிலைக் குழு. அதற்கு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் ஒரு மருத்துவரை நியமிக்க வேண்டும். நாங்கள் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதினோம். இப்படியொரு கடிதம் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள். நியமனம் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவர் தான் வேண்டாம் என்று எழுதிய இயந்திரத்தில்தான் இருந்தார்.

எட்டாம் நாள் இரண்டாம் குழுவும் அதே கருத்தைச் சொன்னது. தங்கை கையெழுத்திட்டார். இரு குழுக்களின் முடிவையும் அவருடைய சம்மதத்தையும் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தோம். ஒன்பதாம் நாள் காலை, மூச்சுத்திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரை எடுத்தார்கள். தங்கை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். மதியம் ஒன்றரை மணிக்கு இறந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற மூன்றாவது பத்தியை எங்களால் நிறைவேற்ற முடியவில்லை. அதற்குள் உடல் அந்தப் பயணத்தைத் தாங்கும் நிலையில் இல்லை. மூன்று, நான்கு நாள் முன்னால் என்றால் முடிந்திருக்கலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

இறந்த பிறகு பதிவேடு யாருக்கு?

காப்பீட்டுக்காக மகன் முழுப் பதிவேட்டையும் கேட்டார்; வாரிசு என்ற முறையில் கொடுத்தோம். தான் கையெழுத்திட்ட தாள்களின் நகலைத் தங்கை கேட்டார், அதையும் கொடுத்தோம். பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் அது பேசுவது நோயாளியையும், அங்கீகாரம் பெற்று அவருடன் இருப்பவரையும், சட்ட அதிகாரிகளையும் பற்றி. இறந்தவரைப் பற்றி அது தெளிவாகப் பேசவில்லை.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி திறக்கிறது. தான் இறந்தாலோ இயலாமல் போனாலோ தன் தரவு உரிமைகளை யார் பயன்படுத்தலாம் என்று ஒருவரை நியமிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தச் சட்டத்தின் நியமனதாரர் தரவைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், புகார் செய்யலாம். ட்யூபை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவருக்கு இதனால் வராது. சிகிச்சைக்குப் பேசுபவர் ஒருவர், தரவுக்குப் பேசுபவர் இன்னொருவர் என்று ஆகலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் இதே குழப்பம் திரும்ப வரும்.

நாங்கள் மாற்றியவை

மென்பொருள் நிறுவனத்தோடு இழுபறி செய்து, அட்டெண்டர் கட்டத்தைப் பிரித்தோம். பணம் கட்டுபவர், அழைக்க வேண்டியவர், நோயாளிக்காகப் பேசுபவர் என்று மூன்று. மூன்றாவதை ஆவணம் ஏற்றாமல் நிரப்ப முடியாது. நிரப்பவும் மாற்றவும் எங்கள் பிரிவில் இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி. யார் மாற்றினார் என்பது பதிவாகும். விருப்பாவணத்துக்குத் தனி ஆவண வகை, தேதி கட்டாயம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும் என்பதால் பழையதை அழிக்காமல் புதியதை மேலே காட்டும். நோயாளி எழுத்தில் ரத்து செய்தால் அதற்கும் இடம் உண்டு. அவசர சிகிச்சைத் திரையில் பெயரும் எண்ணும் முதல் வரியிலேயே தெரியும்.

ஆபா ஒப்புதல் விஷயத்தில் எங்களால் மென்பொருளை மாற்ற முடியாது. நடைமுறையைத்தான் மாற்றினோம். நோயாளி நினைவில் இல்லை என்றால் அவர் செயலி வழியாகக் கேட்பதில்லை. கடிதம் எழுதி மற்ற மருத்துவமனையிடம் நேரடியாகக் கேட்கிறோம். சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் பிந்துகிறது. அதற்குத் தயாராகத்தான் இருக்கிறோம். சார்பாளர் தன் சொந்தப் பெயரில், நோயாளிக்காக என்று பதிவாகும்படி ஒப்புதல் கொடுக்க ஒரு வழி அந்த அமைப்பில் வர வேண்டும். விருப்பாவணத்தைப் பதிவேட்டில் சேர்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னால் மட்டும் போதாது. பதிவேட்டில் அது எங்கே, எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு விதி கட்டாயமாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 30 அன்று கர்நாடக அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, விருப்பாவணத்தில் குறைந்தது இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும் என்றும் அதை மருத்துவப் பதிவேட்டில் சேமிக்கலாம் என்றும் மருத்துவமனைகளுக்குச் சொன்னது. இது ஒரு தொடக்கம்.

இன்னொரு மாற்றம் சின்னது. புறநோயாளிப் பிரிவில் நாள்பட்ட நோயாளிகளிடம், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உங்களுக்கு முடியலைன்னா யார்கிட்ட கேக்கணும்? உங்க ஆதார்ல யாரோட நம்பர் இருக்கு?” என்று செவிலியர் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே பதில் வராதபோது எங்களிடம் அனுப்புகிறார்.

சில மாதம் கழித்துத் தங்கை ஒருநாள் வந்தார். தன் பெயரிலும் ஒரு விருப்பாவணம் எழுதியிருந்தார். பேச வேண்டியவர் என்று அக்கா மகனைப் போட்டிருந்தார். மூன்றாவது கட்டத்தில் ஏற்றித் திரையைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். அப்புறம், நகராட்சியில் அக்கா கொடுத்த பிரதி என்ன ஆனது என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். தபால் பதிவேட்டில் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. கோப்பு இன்னும் கிடைக்கவில்லை.